மணிப்பூரிக் காதல் கதை வங்கத்திலிருந்து வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மணிப்பூரிக் காதல் புனைவுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 2023 மே மாதத்தில் வெடித்த இனக்கலவரத்திற்குப் பிறகு அந்த மாநிலத்தைப் பற்றி நாம் படிக்கும் செய்திகள் பெரும்பாலும் தீ வைப்பையும் இடம்பெயர்ந்தோர் முகாம்களையும் பற்றியவையாகவே இருக்கின்றன. அத்தகைய வேளையில் அதன் கதைகளுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்காக முதலில் நன்றி கூறுகிறேன். பணி நிமித்தமாகச் சில ஆண்டுகள் இம்பாலில் வாழ்ந்தவன் என்ற முறையிலும், அந்த மொழியின் எழுத்துகளை இயன்றவரை தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையிலும், கட்டுரையின் அடிப்படைக் கூற்று ஒன்றுடன் எனக்குள்ள மாறுபாட்டைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மணிப்பூரியில் காதல் புனைவு என்பது 1930களில் வங்க நாவல்களின் செல்வாக்கால் தோன்றியது என்றும், அதற்கு முன் அங்கே இருந்தவை நாட்டார் கதைகள் மட்டுமே என்றும், அக்கதைகளில் வரும் பெண்கள் துயரத்தைச் சுமப்பவர்கள் மட்டுமே என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அச்சிட்ட நாவல் எப்போது வந்தது என்பது மட்டுமே கேள்வியானால் அவர் கூறுவது சரி. காதல் கதை அந்த மக்களிடையே எப்படி உருவாகி, எந்தக் குரலில் சொல்லப்பட்டு வந்தது என்று கேட்டால் விடை முற்றிலும் வேறாகிவிடும். அங்கே எழுதப்பட்ட காதலைவிடப் பாடப்பட்ட காதல் மிகவும் மூத்தது. பின்னால் வந்த நாவல்களில் எவை நிலைத்தன என்று பார்த்தால், அந்தப் பாடலின் பிடி அவற்றின் மீது இருந்ததை மறுக்க முடியாது. (மணிப்பூரி என்று இக்கடிதத்தில் நான் குறிப்பிடுவது இம்பால் பள்ளத்தாக்கில் வாழும் மெய்தெய் மக்களின் மெய்தெய்லோன் மொழியை மட்டுமே. மலைப்பகுதி மக்களின் பல மொழிகளுக்கும் அவற்றுக்கே உரிய கதைகள் உண்டு; அவற்றைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை.)

இம்பாலுக்குத் தெற்கே, லோக்தாக் ஏரியின் கரையில் மொய்ராங் என்ற ஊர் இருக்கிறது. நம் வாசகர்களில் மூத்தவர்கள் அந்தப் பெயரை இந்திய தேசிய ராணுவத்தோடு சேர்த்தே அறிந்திருப்பார்கள். 1944 ஏப்ரலில் அந்தப் படை கொடியேற்றிய இடம் அது. மணிப்பூரிகளுக்கு அது முதன்மையாகக் கம்பாவும் தோய்பியும் வாழ்ந்த ஊர். கம்பா பெற்றோரை இழந்தவன். அக்காள் கம்னுவின் உழைப்பில் வறுமையில் வளர்பவன். தோய்பி மொய்ராங் மன்னனின் தம்பி மகள். பெண்கள் மட்டும் மீன் பிடிக்க வேண்டும், ஆண்கள் வரக்கூடாது என்று ஏரியில் கட்டளையிடப்பட்ட ஒரு நாளில் கம்பாவின் ஓடம் அங்கே வந்து சேர்கிறது. அதன் பிறகு கதை நெடியது. ஓட்டப்பந்தயமும் மல்யுத்தமும் வருகின்றன. ஊரையே அச்சுறுத்திய காவோ என்ற காளையைக் கம்பா பிடித்துக் கட்டுகிறான். அவனுக்குப் போட்டியாளனான நோங்பானும் தோய்பியின் தந்தையும் சேர்ந்து சூழ்ச்சி செய்கிறார்கள். யானையின் காலில் கட்டி இழுக்கப்பட்டுச் சாவின் விளிம்புக்குப் போகும் கம்பா மீண்டு வருகிறான். பணிய மறுத்த மகளைத் தந்தை காபோ பள்ளத்தாக்குக்கு நாடு கடத்துகிறார். அந்தப் பள்ளத்தாக்கு இன்று மியான்மரில் இருக்கிறது. அதன் எல்லையை ஒட்டி இந்தியப் பக்கத்தில் இருப்பதுதான் மோரே. பர்மாவிலிருந்து 1960களில் வெளியேற்றப்பட்ட தமிழர்கள் பலர் குடியேறிக் கோயில் கட்டி வாழ்ந்துவரும் ஊர். தோய்பி நாடு கடத்தப்பட்டுச் சென்ற நிலம் நம்மவர் சிலருக்கு அன்றாடம் கண்ணில் படும் நிலம்.

கட்டுரையாளர் இக்கதையை ஒரு பத்தியில் சுருக்கி, காதலர் இருவரும் இறுதியில் மடிகிறார்கள் என்று முடித்துவிட்டார். எப்படி மடிகிறார்கள் என்பதை அவர் கூறாதது எனக்கு வியப்பளித்தது, ஏனெனில் கதையின் கூர்மை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இத்தனை இடர்களையும் கடந்து திருமணம் செய்துகொண்ட பிறகு, தன் மனைவியின் கற்பைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் கம்பாவுக்கு வருகிறது. ஓர் இரவில் அயலானைப் போல வந்து, சுவரின் வழியாக ஒரு குச்சியை உள்ளே நீட்டி அவளைச் சீண்டுகிறான். யாரோ ஒருவன் என்று எண்ணிய தோய்பி ஈட்டியை எடுத்துச் சுவரின் வழியே பாய்ச்சுகிறாள். அலறல் கேட்ட பிறகே அது கணவன் என்று தெரிகிறது. அதே ஈட்டியால் தன் உயிரையும் முடித்துக்கொள்கிறாள். இந்த முடிவில் தோய்பியைத் துயரத்தைச் சுமப்பவள் என்று மட்டும் எப்படிச் சொல்வது? காதலுக்கு ஊறு செய்தவர்கள் மன்னனும் தந்தையும் போட்டியாளனும் என்று கதை நெடுகிலும் நம்ப வைத்துவிட்டு, இறுதியில் காதலனின் ஐயமே அழிவைக் கொண்டுவருவதாகக் காட்டுகிற ஒரு கதையை, வீரனின் புகழ் பாடும் நாட்டார் கதை என்று ஒதுக்குவது நேர்மையான வாசிப்பு ஆகாது. பின்னால் வந்த எத்தனையோ நாவல்கள் இந்த அளவுக்கு ஆண் மனத்தை விசாரித்ததில்லை என்பது என் கருத்து.

இக்கதை நூலில் படிக்கும் கதையாக நெடுங்காலம் இருக்கவில்லை. பெனா என்ற ஒற்றை நரம்பு வில்வாத்தியத்தை மீட்டியபடி பாடகர்கள் இதைப் பாடினார்கள். குதிரைமயிரால் ஆன வில்லை அந்த நரம்பின் மீது இழுத்து எழுப்பும் அந்த ஒலி மனிதக் குரலுக்கு மிக அருகில் நிற்பது. பாடுபவனின் குரல் முடியும் இடத்தில் வாத்தியம் தொடங்குவதைச் சில நேரம் பிரித்தறியவும் முடியாது. லாய் ஹராவோபா என்னும் தெய்வங்களை மகிழ்விக்கும் திருவிழாவிலும் அதே பெனா ஒலிக்கிறது. மொய்ராங்கில் தாங்ஜிங் தெய்வத்தின் முன்னிலையில் கம்பா–தோய்பி நடனம் ஆடப்படுகிறது. காதலர் இருவரின் ஆட்டம் வழிபாட்டின் ஒரு பகுதியாக இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் கவனத்தில் கொண்டிருந்தால், காதலை ஒரு புதிய, இரவல் பொருளாக அவர் எண்ணியிருக்க மாட்டார். மொய்ராங்கின் மரபில் கம்பாவும் தோய்பியும் தனித்து நிற்பவர்களும் அல்லர். காலந்தோறும் மீண்டும் மீண்டும் பிறந்து வரும் காதல் இணைகளின் வரிசையில் இறுதியாக வருபவர்கள் அவர்கள். அந்த வரிசையில் நெல்லின் தெய்வமான பௌஓய்பியும் அகோங்ஜாம்பாவும் உண்டு. ஹெஞ்சுநாஹாவும் லாய்ரௌலெம்பியும் உண்டு. கதெங் தாங்ஜாஹான்பா என்ற இளைஞனின் கதையை மட்டும் இங்கே கூறுகிறேன். காதலிக்குப் பரிசாகத் தருவதற்கு ஒரு மானைப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பி வரும்போது, அவள் மன்னனுக்கு மனைவியாகிவிட்டிருக்கிறாள். அவன் மானை அவிழ்த்துக் கெய்புல் லம்ஜாவோ சதுப்பு நிலத்தில் விட்டுவிடுகிறான். உலகில் அங்கே மட்டுமே இயற்கையாக வாழும் சங்காய் மான்களுக்கு அம்மக்கள் சொல்லும் தோற்றக்கதை இது.

கதை சொல்லும் கலைகளைப் பற்றிய பகுதியிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. வாரி லீபா என்ற கலையைக் கட்டுரையாளர் நம் கதாகாலட்சேபத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். வாசகர்களுக்கு எளிதில் விளங்க வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் ஒப்புமை தவறான படத்தைத் தருகிறது. வாரி லீபாவில் பக்கவாத்தியம் இல்லை, பாட்டும் இல்லை. கதைசொல்லி தரையில் அமர்ந்து, தலையணை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, குரலின் ஏற்ற இறக்கத்தாலும் கை அசைவாலும் மட்டுமே மகாபாரதத்தின் ஒரு பருவத்தையோ மணிப்பூர் அரச வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியையோ கேட்போரின் கண்முன் நிறுத்த வேண்டும். துணைக்கு எதுவும் இல்லாததால் உரையாடலே அக்கலையின் உயிர்நாடி; மன்னன், பணிப்பெண், கிழவி என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பேச்சு. ஒருவர் நூலை இசையுடன் வாசிக்க மற்றொருவர் பொருள் விரித்துரைக்கும் லாய்ரிக் ஹைபா திபா என்பது வேறொரு கலை. 1891இல் கோங்ஜோமில் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த போரைப் பாடுவதற்காக, லெய்னோ என்ற சலவைத் தொழிலாளி தொடங்கியதாகக் கூறப்படும் கோங்ஜோம் பர்பா மற்றொன்று. போரைப் பாடப் பிறந்த அந்த வடிவமும் காலப்போக்கில் கம்பா–தோய்பியைத் தன் பாடுபொருள்களில் சேர்த்துக்கொண்டது. இரவில் அடுப்பங்கரையில் பாட்டிமார் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும் புங்கா வாரி இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

சொல்மரபு இவ்வளவு வலிமையாக இருந்ததற்கு வரலாற்றில் ஒரு காரணமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் கரீப் நிவாஸ் வைணவத்தைத் தழுவிய பின், புயா எனப்படும் பழைய சுவடிகள் தீயிடப்பட்டன. நாளடைவில் மெய்தெய் மயேக் எழுத்து வழக்கிழந்து வங்க எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. பள்ளிகளில் மெய்தெய் மயேக் மீண்டும் நுழைந்தது இந்த நூற்றாண்டில்தான். எல்லாச் சுவடிகளும் அழிந்துவிட்டன என்பது மிகைக்கூற்று; மறைத்துக் காக்கப்பட்டவை பல உண்டு. ஆனாலும், எழுதப்பட்டதை நம்பி இருக்க முடியாத ஒரு சமூகத்தில் பாடகனின் நினைவும் கதைசொல்லியின் நாவும் கூடுதல் பொறுப்பை ஏற்றன என்று கருதுவதில் தவறில்லை. வைணவமும் தன் பங்குக்குக் காதலை விலக்கவில்லை. பாக்யசந்திர மன்னர் உருவாக்கிய ராசலீலையில் ராதையின் பிரிவும் கூடலும் மணிப்பூரி மொழியின் பாடல்களுக்கு ஒரு புதிய மென்மையைக் கொடுத்தன. பழைய மொய்ராங் காதலின் முரட்டுத் துணிவும் ராசலீலையின் கனிவும் அருகருகே நின்ற அந்தச் சூழலில்தான் நவீன எழுத்து தொடங்குகிறது.

அந்தத் தொடக்கத்திற்கு வருகிறேன். வங்க மொழியின் செல்வாக்கை நான் மறுக்கவில்லை. வங்க எழுத்தில் எழுதி, வங்க நூல்களைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையிடம் அது இல்லாமல் இருந்திருக்க முடியாது. மருத்துவரான லமாபம் கமல் சிங் 1930இல் எழுதிய ‘மாதவி’ நாவலிலும், க்வைராக்பம் சாவோபா 1940இல் வெளியிட்ட ‘லபங்கலதா’ என்ற வரலாற்று நாவலிலும் அந்தச் சாயல் தெரியும். ஆனால் அதே கமல் 1933இல் எழுதிய ‘பிரஜேந்திரகி லுஹோங்பா’, அதாவது பிரஜேந்திரனின் திருமணம் என்ற சிறுகதையைப் பாருங்கள். பெரியவர்கள் முடிவு செய்த திருமணத்தை மனமின்றி ஏற்கும் படித்த இளைஞன், மணப்பெண்ணின் முகத்தைக் கூடப் பார்க்காமல் விலகி இருக்கிறான். பிறகு யாரோ ஒரு பெண் என்று எண்ணி ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவள்தான் தன் மனைவி என்பது கடைசியில் தெரிகிறது. தன் மனைவியை அயலாளாக எண்ணும் இந்தக் கணவனுக்கும், தன் மனைவியின் முன் அயலானாக நடிக்கும் கம்பாவுக்கும் இடையே உள்ள உறவைக் காண வங்கத்துக்குப் போக வேண்டியதில்லை. ஈட்டி முனையில் முடிந்த ஒரு சூழலைக் கமல் புன்னகையில் முடித்திருக்கிறார். அவர் அதை எண்ணியே எழுதினார் என்று நான் வாதிடவில்லை. மொய்ராங் கதையைக் கேட்டு வளர்ந்த வாசகர்கள் அப்படித்தான் படித்திருப்பார்கள் என்கிறேன்.

ஹிஜம் அங்காங்கல் சிங் இன்னும் தெளிவான சான்று. 1892இல் பிறந்து 1943இல் மறைந்த அவர், ‘ஜஹேரா’ நாவலில் மெய்தெய் இந்து இளைஞனுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் இடையே மலர்ந்து கருகும் காதலை எழுதினார். மணிப்பூரி பேசும் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக இம்பால் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள். ஆகவே அந்தக் காதல் இரவலாகப் பெற்ற கற்பனை அன்று, அண்டைத் தெருவில் நிகழக்கூடிய ஒன்று. அவரே வாழ்நாளின் இறுதிப் பகுதியில், முப்பதாயிரம் வரிகளுக்கும் மேற்பட்ட ‘கம்பா தோய்பி ஷெய்ரெங்’ காப்பியத்தை இயற்றினார். பெனா பாடகர்களிடம் வழங்கிய கதையையும் அவர்களது பாடல் நடையையும் அடித்தளமாகக் கொண்டே அவர் அதைக் கட்டினார். புதிய நாவலை எழுதிய கையே பழைய பாடலைத் தேடிப் போயிருக்கிறது. தங்கள் கட்டுரை ‘ஜஹேரா’வுக்கு இரண்டு வரிகளை ஒதுக்கி, காப்பியத்தைப் பெயர் அளவிலும் குறிப்பிடாமல் விட்டது பெரிய குறை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது எம்.கே. பினோதினி தேவியைப் பற்றிய குறிப்பு. அவருடைய ‘போரோ சாஹேப் ஓங்பி சனாதோம்பி’ நாவலை ஆங்கிலேய அதிகாரிக்கும் இளவரசிக்கும் இடையிலான அரண்மனைக் காதல் கதை என்று ஒரே தொடரில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். 1976இல் வெளிவந்து, 1979ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருதைப் பெற்ற நாவல் அது. சனாதோம்பி, மன்னர் சுர்சந்திராவின் மகள். 1891 போரில் மணிப்பூர் தோற்று, இளவரசர் திகேந்திரஜித் தூக்கிலிடப்பட்ட பிறகு, அரசியல் முகவராக வந்து அமர்ந்த ஆங்கிலேயர் மேக்ஸ்வெல்லோடு அவள் வாழத் துணிகிறாள். தன் குடும்பத்தை வீழ்த்திய ஆட்சியின் பிரதிநிதியை ஒரு பெண் நேசிப்பது துரோகமா, துணிவா, இரண்டுமா என்ற கேள்வியை நாவல் எளிதில் தீர்த்து வைப்பதில்லை. அரண்மனை அவளைத் தள்ளி வைக்கிறது. மேக்ஸ்வெல் ஒருநாள் ஊர் திரும்பிவிடுவார். அவள் இம்பாலிலேயே இருந்து மடிவாள். இதைத் தெரிந்தே படிக்கும் வாசகனையும் நாவல் பதற வைக்கிறது.

பினோதினி, மன்னர் சுராசந்தின் மகள். சனாதோம்பியின் கதை அவருக்கு ஆவணக் காப்பகத்திலிருந்து மட்டும் கிடைத்தது அன்று. அரண்மனைப் பெண்களும் முதியவர்களும் சொல்லக் கேட்டவற்றிலிருந்து கிடைத்தது. அதனால்தான் நாவல் ஆண்டு வரிசையில் நடப்பதில்லை. ஒருவர் சொல்லத் தொடங்குவார், நினைவு வேறொரு பக்கம் இழுக்கும், பல ஆண்டுகள் முன்னே போய் மீண்டும் விட்ட இடத்துக்கு வரும். நடந்தது இதுதான் என்று அறுதியிடாமல், இப்படிச் சொல்வார்கள் என்ற தொனியில் பல இடங்களில் கதை நகரும். வரலாற்று நாவல் என்றால் போர்க்களமும் அணிவகுப்பும் எதிர்பார்க்கும் வாசகர்களுக்கு இது சிதறலாகத் தோன்றக்கூடும். வாரி லீபாவையும் அடுப்பங்கரைக் கதையையும் அறிந்தவர்களுக்கு இந்தச் சிதறல் பழகிய நடை. மணிப்பூரி நாவல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வேறு எந்த நூலையும்விட இந்த நூலே வலுவான விடையைத் தருகிறது என்று நான் கருதுகிறேன். 2020இல் அவருடைய மகன் எல். சோமி ராய் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின், அம்மாநிலத்துக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்க முடிகிறது.

அதே பினோதினி வானொலிக்கு எழுதியதும் திரைக்கு எழுதியதும் தற்செயலானவை அல்ல. அரிபம் சியாம் சர்மா இயக்கி 1982இல் பிரான்சின் நாந்த் நகரத் திரைப்பட விழாவில் தலைமைப் பரிசு பெற்ற ‘இமாகி நிங்தெம்’ அவருடைய வானொலி நாடகத்திலிருந்து உருவான படம். கேட்கும் கதைக்கு அங்கே எப்போதும் ஆள் உண்டு. முற்றத்தின் நடுவே நான்கு புறமும் மக்கள் சூழ்ந்திருக்க நடக்கும் சுமாங் லீலாவில் இன்றும் காதல் கதைகளுக்கே கூட்டம் அதிகம். ஆண்கள் மட்டும் நடிக்கும் குழுக்களில் நூபி ஷாபி எனப்படும் ஆண் நடிகர்கள் பெண் வேடமேற்று, திரை நட்சத்திரங்களுக்கு இணையான புகழ் பெற்றிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஆயுதக்குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை விதித்த பின், உள்ளூர்க் காதல் படங்களும் கொரியத் தொடர்களும் அந்த வெற்றிடத்தில் பெருகின. இளைஞர்களின் தற்காலக் காதல் கதைகளில் கொரியச் சாயல் மிகுந்துவிட்டதாகக் கட்டுரையாளர் குறைப்பட்டுக்கொள்கிறார். அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மணிப்பூரி 1992இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மொழி. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே சாகித்ய அகாதமி அதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதன் கதைகளைப் பற்றித் தமிழில் நாம் எழுதுவது ஆங்கிலக் கட்டுரைகளின் சாரமாகவே இருந்து வருகிறது. தொடரின் அடுத்த பகுதிகளில் கட்டுரைகளைக் குறைத்துக்கொண்டு கதைகளையே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் கமலின் அந்தச் சிறுகதையை வெளியிடலாம். அளவில் சிறியது, ஒரே இதழில் அடங்கும். மணிப்பூரி அறிந்த ஒருவரின் துணையோடு மூலத்திலிருந்து நேராக மொழிபெயர்ப்பது அரிதாக இருந்தாலும் இயலாதது அன்று. அதனோடு, பெனா பாடகர் ஒருவரின் பாட்டில் கம்பா காளையைப் பிடிக்கும் பகுதியை எழுத்தில் பெயர்த்து, பாடகர் எங்கே நிறுத்துகிறார், எங்கே கேட்பவர்கள் குரல் கொடுக்கிறார்கள் என்பதையும் அடைப்புக்குறிக்குள் குறித்து வெளியிட்டால், எவர் கூற்று சரி என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி